பெரியப்பாவின் 11 வட்டுகள்

தைப்பிங் வீட்டை விற்றுவிட்டு மகளோடு பினாங்குக்குப் போய்விடுவது என்று பெரியம்மா முடிவு செய்தபோது, சாமான்களைப் பிரித்துக் கட்ட நானும் போயிருந்தேன். பெரியப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஸ்டோர் ரூம் மூலையில் பழைய கைலி ஒன்றால் மூடி வைத்திருந்த பொருளைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. பெரியப்பாவின் கணினி!

ஆப்பிள் டூ-இ. பழுப்பேறிய உடம்பு, அதன்மேல் ரொட்டிப் பெட்டி மாதிரி இரண்டு டிஸ்க் டிரைவ்கள். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் உள்ளங்கையை விடப் பெரிய, சதுரமான, கறுப்பு பிளாப்பி வட்டுகள். எண்ணிப் பார்த்தேன், 11.

பெரியப்பா இடைநிலைப்பள்ளியில் கணித ஆசிரியர். 1986இல் யாரோ பயன்படுத்திய இந்தக் கணினியை விலைக்கு வாங்கினார். சிறுவயதில் பள்ளி விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம் அதன் சத்தத்தைக் கேட்கவே நான் பக்கத்தில் போய் நிற்பேன். சுவிட்சைப் போட்டதும் ஒரு 'பீப்'. அடுத்து டிரைவின் சிவப்பு விளக்கு எரியும். 'டர்ர்ர்ர்ர்' என்று மரக்கதவை யாரோ வேகமாகத் தட்டுவது போல ஒரு சத்தம். பிறகு 'விஷ்... விஷ்...' என்று மெல்லிய சுழற்சி. இன்று ஒலியை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஒலிமேல் எனக்கு ஆசை தொடங்கிய இடங்களில் அந்த மேசையும் ஒன்று.

"அதைத் தூக்கி கீக்கிப் போட்டுறாத ஐயா. உங்க பெரியப்பா கணக்கெல்லாம் அதுலதான் இருக்கு" என்றார் பெரியம்மா. கணக்கு வாத்தியார் வீட்டில் கணக்கு இருப்பதில் என்ன அதிசயம் என்று நினைத்துக்கொண்டேன். கணினியையும் டின்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து சேர்ந்தேன். அந்த வட்டுகளில் ஒன்றை நானே அழிக்கப் போகிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

திருகாணி இல்லாத மூடி

எங்கள் வானொலி நிலையத்தில் ஒலிக்கருவிகளைப் பழுதுபார்க்கும் மூத்த தொழில்நுட்பர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் அவரை 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவோம். படம் எடுத்து அனுப்பினேன். "சுவிட்சைப் போட்டுடாதே! ஞாயிற்றுக்கிழமை நான் வர்றேன்" என்று உடனே பதில் வந்தது.

வந்தவர் திருப்புளியைத் தொடவே இல்லை. மூடியின் பின்பக்கத்து இரண்டு மூலைகளையும் பிடித்துத் தூக்கினார். 'பளக்' என்று கழன்று வந்துவிட்டது. இன்றைய கைப்பேசிக்கு பேட்டரி மாற்றுவதற்கே கடைக்கு ஓடும் நமக்கு, இப்படி ஒரு கணினி இருந்தது என்பதே ஆச்சரியம்தான்.

உள்ளே இடப்பக்கம் ஓர் உலோகப் பெட்டி. அதுதான் மின்சாரம் வழங்கும் பகுதி. நடுவே தாய்ப்பலகை. அதன் பின்வரிசையில் நீள நீளமான ஸ்லாட்கள், அதாவது கார்டுகளைச் செருகும் பள்ளங்கள். 1 முதல் 7 வரை எண்கள். பெரியப்பாவின் கணினியில் 1ஆம் ஸ்லாட்டில் பிரிண்டர் கார்டு. 6ஆம் ஸ்லாட்டில் டிஸ்க் டிரைவ்களுக்கான கார்டு. மற்றவை காலி. இவை தவிர, தனியாக இருந்த துணை ஸ்லாட்டில் திரையில் ஒரு வரிக்கு 80 எழுத்து காட்டும் கார்டு ஒன்று.

இந்த ஸ்லாட்களுக்குப் பின்னால் ஒரு வாக்குவாதம் இருக்கிறது. ஆப்பிள் டூ முதன்முதலில் 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினிக் கண்காட்சியில் அறிமுகமானது. அதை வடிவமைத்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸுக்கோ அத்தனை ஸ்லாட்கள் எதற்கு என்ற கேள்வி. பிரிண்டருக்கு ஒன்று, தொலைபேசி வழித் தொடர்புக்கான மோடத்துக்கு ஒன்று, ஆக இரண்டு போதும் என்றார் அவர். வாஸ்னியாக் அசையவில்லை. எட்டு வேண்டும், இல்லையென்றால் வேறு கணினியைத் தேடிக்கொள் என்கிற அளவுக்கு உறுதியாக நின்றார். எட்டு ஸ்லாட்களோடுதான் ஆப்பிள் டூ விற்பனைக்கு வந்தது.

அப்போது அதன் அடிப்படை விலை 1,298 அமெரிக்க டாலர். நினைவகம் வெறும் 4 கிலோபைட். இன்று நாம் புலனத்தில் அனுப்பும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதற்குள் அடங்காது. நிரல்களைச் சேமிப்பதும் திரும்ப ஏற்றுவதும் கேசட் டேப்பில்தான். அப்படிப்பட்ட கணினி எப்படி 1993 வரை, 16 ஆண்டுகள் விற்பனையில் நின்றது? காலியாக விட்ட அந்தப் பள்ளங்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

வரிசை வீடுகள்

ஸ்லாட் வேலை செய்யும் விதத்தை அங்கிள் எளிமையாகச் சொன்னார். நம் தாமானில் இருக்கும் வரிசை வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண், ஒரு தபால் பெட்டி. ஆப்பிள் டூவில் ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் நினைவகத்தில் தனி முகவரி உண்டு. அந்த ஸ்லாட்டில் செருகும் கார்டு, தன்னை இயக்கத் தேவையான 256 பைட் அளவுள்ள சிறு நிரலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். அதனால், கார்டைச் செருகினோமா, சுவிட்சைப் போட்டோமா, வேலை முடிந்தது. 'டிரைவர் இல்லை, தரவிறக்கம் செய்யவும்' என்ற தொல்லையெல்லாம் இல்லை.

கணினி விழித்ததும் ஸ்லாட் 7இல் தொடங்கி ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு கீழே இறங்கும். 'இங்கே வட்டு இருக்கிறதா?' என்று கேட்கும். வழக்கமாக 6ஆம் வீட்டில் டிஸ்க் கார்டு பதில் சொல்லும். உடனே டிரைவ் சுழலத் தொடங்கும்.

வாஸ்னியாக் எதற்கெல்லாம் அந்த ஸ்லாட்கள் பயன்படும் என்று முன்கூட்டியே தெரிந்து வைக்கவில்லை. இடத்தை மட்டும் விட்டுவைத்தார், மற்றவர்கள் நிரப்பினார்கள். 1980இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 'சாஃப்ட்கார்டு' என்ற கார்டை வெளியிட்டது. அந்தக் கார்டிலேயே இசட்-80 என்ற இன்னொரு செயலி இருந்தது. அதைச் செருகியதும் ஆப்பிள் கணினி, வேறு வகைக் கணினிகளுக்கு எழுதப்பட்ட அலுவலக மென்பொருள்களை ஓட்டியது. மென்பொருள் நிறுவனம் என்று நாம் அறிந்த மைக்ரோசாஃப்ட் விற்ற முதல் வன்பொருள் அதுதான்.

இந்தக் கதை நம் பக்கத்து வீட்டுக்கும் வருகிறது. 1981இல் சிங்கப்பூரின் பேர்ல்ஸ் சென்டர் கட்டடத்தில் சிம் வோங் ஹூ, தம் நண்பர் இங் காய் வாவோடு சேர்ந்து கணினி பழுதுபார்க்கும் சிறு கடை ஒன்றைத் திறந்தார். ஆப்பிள் டூவின் ஸ்லாட்டில் செருகும் கூடுதல் நினைவக கார்டு அவர்களுடைய தொடக்ககாலப் பொருள்களில் ஒன்று. அந்தக் கடையே கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனமாக வளர்ந்தது. 1989இல் அது வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டுதான் உலகம் முழுவதும் வீட்டுக் கணினிகளைப் பாடவும் பேசவும் வைத்தது. 2006இல் இசைக் கருவி காப்புரிமை வழக்கு ஒன்றில் ஆப்பிள் நிறுவனமே கிரியேட்டிவுக்கு 100 மில்லியன் அமெரிக்க டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார். பேர்ல்ஸ் சென்டரும் இன்று இல்லை. ஒலியைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, சவுண்ட் பிளாஸ்டரின் பாதை ஓர் ஆப்பிள் டூ ஸ்லாட்டின் வழியாகப் போயிருக்கிறது என்பது இந்தத் தேடலில்தான் தெரிய வந்தது.

எட்டு சிப்புகளில் ஒரு டிரைவ்

6ஆம் ஸ்லாட் கார்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார் அங்கிள். "எண்ணிப் பார்" என்றார். எண்ணினேன். மொத்தம் எட்டே எட்டு சிப்புகள்.

கேசட்டில் நிரல் ஏற்றுவது பெரும் பொறுமைச் சோதனை. டேப்பை ஓடவிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். சத்தம் கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ மறுபடியும் முதலிலிருந்து. ஆப்பிளின் தொடக்ககால முதலீட்டாளர் மைக் மார்க்குலா, தம் காசோலைக் கணக்கு நிரலை ஒவ்வொரு முறையும் டேப்பிலிருந்து ஏற்றிச் சலித்துப்போய், பிளாப்பி டிரைவ் வேண்டும் என்று கேட்டார். 1977 கிறிஸ்மஸ் விடுமுறையைப் பொருட்படுத்தாமல் வாஸ்னியாக்கும் இளைஞர் ராண்டி விக்கிண்டனும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1978 ஜனவரியில் லாஸ் வேகஸ் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். அதே ஆண்டின் நடுப்பகுதியில் 'டிஸ்க் டூ' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது.

அந்தக் காலத்து டிஸ்க் கார்டுகளில் டஜன் கணக்கில் சிப்புகள் இருக்கும். வாஸ்னியாக், சிப்புகள் செய்துகொண்டிருந்த வேலையில் பெரும்பகுதியை நிரலிடம் ஒப்படைத்தார். வட்டு எந்த இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் துளையைக்கூட அவர் பயன்படுத்தவில்லை. வட்டில் எழுதியிருப்பதைப் படித்தே டிரைவ் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த சத்தத்தின் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. படிக்கும் முனை எந்தத் தடத்தில் நிற்கிறது என்று சொல்லும் உணரி இந்த டிரைவில் கிடையாது. ஆகவே தொடங்கும்போது, முனையை ஓரத்தில் உள்ள தடுப்பில் போய் முட்டும் வரை பின்னுக்குத் தள்ளுகிறார்கள். ஏற்கெனவே முட்டி நின்றாலும் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். 'டர்ர்ர்ர்' என்பது அது முட்டும் சத்தம். இனி மேலே போக இடமில்லை, இதுவே 0ஆம் தடம் என்று அப்போதுதான் அதற்குத் தெரியும்.

எழுதும் முறையை நான் என் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டேன். வானொலியில் நாங்கள் மிகவும் பயப்படுவது நிசப்தத்துக்கு. சில விநாடிகள் பேசாமல் இருந்தால் போதும், நிலையம் நின்றுவிட்டது என்று நேயர்கள் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள். வட்டிலும் அப்படித்தான். காந்தத்தின் திசை மாறினால் 1, மாறாவிட்டால் 0. தொடர்ந்து பல 0 வந்தால், எத்தனை 0 கடந்து போயின என்ற கணக்கு டிரைவுக்குத் தவறிவிடும். அதனால் எழுதும்போதே நீண்ட நிசப்தம் வராதபடி தகவலை வேறு குறியீடாக மாற்றி எழுதினார்கள். முதலில் ஒரு தடத்தில் 13 பகுதிகள்தான் பிடித்தன. 1980இல் வந்த 'டாஸ் 3.3' இன்னும் நெருக்கமான குறியீட்டால் அதை 16 ஆக்கியது. ஒரு வட்டில் 35 தடங்கள். ஆக 113 கிலோபைட்டுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்த கொள்ளளவு 140 ஆனது. இதற்காக டிரைவை மாற்ற வேண்டியதில்லை. கார்டில் இரண்டு சிப்புகளை மாற்றினால் போதும்!

நான் செய்த தவறு

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கிள் மின்வழங்கிப் பெட்டியைப் பிரித்து, வெடிப்பு விட்டிருந்த பழைய கெபாசிட்டரை மாற்றினார். இந்த வயதுக் கருவிகளில் அதை மாற்றாமல் சுவிட்சைப் போட்டால் புகையும் நாற்றமும் வரும் என்றார். டிரைவிலிருந்து வரும் தட்டை ஒயரைக் கார்டில் மாட்டும்போது என் கையைத் தட்டிவிட்டார். 20 ஊசிகள் உள்ள அந்த இணைப்பை ஒரு வரிசை தள்ளி மாட்டிவிட்டால், டிரைவில் உள்ள ஒரு சிப்பு அப்போதே போய்விடும். ஒயர் தள்ளி உட்காராமல் தடுக்கும் அமைப்பு எதுவும் அங்கே இல்லை. கண்ணால் பார்த்து, விரலால் தடவி உறுதிசெய்ய வேண்டியதுதான்.

சுவிட்சைப் போட்டார். பீப். டர்ர்ர்ர். விஷ்... விஷ்...

முப்பது வயதைத் தாண்டியவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவர் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். டாஸ் வட்டு திரையில் உயிரோடு வந்தது. "மத்த வட்டை எல்லாம் இப்ப போடாதே. அடுத்த வாரம் ஆல்கஹால் கொண்டுவந்து முனையைத் துடைக்கிறேன். வட்டையும் வெளிச்சத்துல பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் காத்திருக்கவில்லை.

டின்னில் ஆறு வட்டுகளின் மேல் பெரியப்பாவின் கையெழுத்தில் 'மாணவர் 86', 'மாணவர் 87' என்று 91 வரை எழுதியிருந்தது. அன்றிரவே 'மாணவர் 86' வட்டை இரண்டாம் டிரைவில் போட்டு, பட்டியலைக் காட்டச் சொன்னேன். கிறீச்சென்று ஒரு சத்தம். கரும்பலகையில் நகத்தால் கீறுவது போல. திரையில் 'ஐ/ஓ எரர்'. மறுபடி முயன்றேன். மறுபடியும். மொத்தம் நான்கு முறை.

வெளியே எடுத்து விளக்கில் பிடித்தபோது, உறையின் நீள்வட்டத் திறப்பு வழியே, பழுப்பு வட்டின் நடுவில் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் தெரிந்தது. காந்தப் பூச்சு சுரண்டப்பட்டு, பிளாஸ்டிக் மட்டும் மிஞ்சியிருந்தது. மற்ற இடங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள், பூஞ்சை. நம் நாட்டில் மழைக்குப் பெயர்போன ஊர் தைப்பிங். அந்த ஸ்டோர் ரூமின் ஈரம் இத்தனை ஆண்டுகளாக வட்டில் பூஞ்சையை வளர்த்திருந்தது.

மறுவாரம் அங்கிளிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. டிரைவைத் திறந்து, பஞ்சுக் குச்சியால் முனையைத் துடைத்து, குச்சியை என்னிடம் நீட்டினார். பழுப்பும் சாம்பலுமாக இருந்தது. "இதோட அடுத்த வட்டைப் போட்டிருந்தா, அதுவும் போயிருக்கும்" என்றார்.

அந்த வளையம் ஏன் நடுவில் விழுந்தது என்பதையும் விளக்கினார். இந்த வட்டுகளில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை 17ஆம் தடத்தில், அதாவது நட்டநடுவில் இருக்கும். முனை எந்தப் பக்கம் போக வேண்டுமானாலும் தூரம் குறைவாக இருக்கட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. நான்கு முறை பட்டியலைக் கேட்டதில், முனை திரும்பத் திரும்ப அங்கேயே போய்ச் சுரண்டியிருக்கிறது. முனையைத் துடைத்த பிறகு மற்ற தடங்களையும் படித்துப் பார்த்தோம். பூஞ்சையால் அவையும் தேறவில்லை.

அவசரப்பட்டுச் சுவிட்சைத் தட்டியதைத் தவிர, 1986ஆம் ஆண்டுக்கு நான் செய்தது ஒன்றுமில்லை.

ஒலியாக வந்த பெயர்கள்

மீதி வட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். எழுத்துத் தடைக்காக ஓரத்தில் உள்ள சின்ன வெட்டின் மேல் டேப் ஒட்டினோம். அப்படி ஒட்டினால் டிரைவ் படிக்கும், தவறிப்போய்க்கூட எழுதாது. முக்கியமில்லாத வட்டில் தொடங்கினோம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் முனையைத் துடைத்தோம். 87 வந்தது. 88 வந்தது. 89இல் பாதி வந்து நின்றது. 90ம் 91ம் முழுசாக வந்தன.

அடுத்து, இவற்றை என் மடிக்கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'ஏ.டி.டி. புரோ' என்ற மென்பொருள் இருக்கிறது. தொடர்பு கார்டு ஏதாவது இருந்தால் அதன் வழியே வேகமாகப் போகும். எங்களிடம் அந்தக் கார்டு இல்லை. ஆனால் ஆப்பிள் டூ-இயின் பின்பக்கத்தில் கேசட் டேப்புக்கான இரண்டு துளைகள் இன்னும் இருந்தன. நிலையத்தில் தினமும் நான் பயன்படுத்தும் சாதாரண ஒலி ஒயரையே அதில் மாட்டினோம். பெரியப்பாவின் வட்டு ஒலியாக மாறி மடிக்கணினிக்குள் போனது. ஒலியைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் கேட்டேன். நம் செவிக்கு அது வெறும் இரைச்சல். பழைய மோடம் கத்துவது போல.

இது ஒன்றும் புதுமையில்லை. 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் என்.ஓ.எஸ். வானொலியின் 'ஹாபிஸ்கூப்' நிகழ்ச்சி, கணினி நிரல்களை இப்படி இரைச்சலாகவே ஒலிபரப்பியது. நேயர்கள் கேசட்டில் பதிவு செய்து தங்கள் கணினியில் ஏற்றிக்கொண்டார்கள். கணினிக்குக் கணினி மொழி வேறுபட்டதால், எல்லாவற்றுக்கும் பொதுவாக 'பேசிக்கோட்' என்ற ஒரு முறையையும் வகுத்திருந்தார்கள். என் நிகழ்ச்சியில் இதைச் சொல்லி, பெரியப்பாவின் வட்டுச் சத்தத்தை ஐந்து விநாடி ஒலிக்கவிடலாமா என்று கேட்டேன். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வட்டுகளில் இருந்தது என்ன? பெரியப்பா பேசிக் மொழியில் எழுதிய ஒரு நிரல். 'லிஸ்ட்' என்று தட்டியதும் வரிவரியாக மாணவர் பெயர்கள். சனிக்கிழமைதோறும் வீட்டு முன்கூடத்தில் அவர் நடத்திய இலவச டியூஷன் வகுப்பு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று தேர்வு மதிப்பெண்கள், நான்காவதாகச் சம்பந்தமே இல்லாத ஓர் எண். சிலருக்கு 0. சிலருக்கு 0.60. சிலருக்கு 1.20. நிரலை ஓடவிட்டால் மதிப்பெண்களின் சராசரி வந்தது. கடைசியில் அந்த நான்காவது எண்களின் கூட்டுத்தொகை மட்டும் தனியாக வந்தது. என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இருந்தால்

கதையை முடிப்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். உங்கள் பெற்றோர், தாத்தா பாட்டி வீட்டு அலமாரியில் பழைய கணினியோ பிளாப்பி வட்டுகளோ இருந்தால், என்னை மாதிரிச் செய்யாதீர்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்கச் சுவிட்சைப் போட வேண்டாம். மின்வழங்கியை முதலில் விவரம் தெரிந்தவர் ஒருவர் பார்க்கட்டும். அந்தப் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள், அதில் வீட்டு மின்சாரம் நேராக வருகிறது.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டைச் செருகவோ பிடுங்கவோ கூடாது. அணைத்த பிறகு, உள்ளே உள்ள உலோகப் பெட்டியை ஒருமுறை தொட்டுவிட்டுக் கார்டைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சிப்பில் பாயாமல் இருக்கும். குளிரூட்டப்பட்ட அறையில் இது இன்னும் முக்கியம். கார்டை ஓரங்களில் பிடியுங்கள். அதன் தங்க நிற விளிம்பில் விரல் படக்கூடாது.

வட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பாருங்கள். புள்ளியோ படலமோ தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். உறையைப் பிரித்து வட்டைக் கழுவி மீட்கும் வழி உண்டு, ஆனால் அது அனுபவசாலிகளின் வேலை. நல்ல வட்டு என்றாலும் முதலில் எழுத்துத் தடை டேப் ஒட்டுங்கள், முக்கியமில்லாததில் தொடங்குங்கள். விநோதமான சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். மறுபடி ஒரு முறை முயன்று பார்ப்போம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

விளையாட்டு, மென்பொருள் ஆகியவற்றின் பிரதிகள் உலகில் வேறு எங்காவது இருக்கும். பிளாப்பி டிரைவுக்குப் பதிலாக அதே கார்டில் மாட்டும் சிறு மெமரி கார்டு கருவிகள்கூட இப்போது கிடைக்கின்றன. ஆகவே அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். கையால் எழுதிய சிட்டை ஒட்டிய வட்டுகளைத்தான் முதலில் பாருங்கள். அவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை. வட்டின் காந்தமும் பூச்சும் ஆண்டுக்கு ஆண்டு பலவீனமாகிக்கொண்டே போகின்றன.

அறுபது காசு

போன மாதம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பினாங்குக்குப் போனேன். எழுத்தைப் பெரிதாக்கி, 87ஆம் ஆண்டுப் பட்டியலைக் காட்டினேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார். "இவன் இப்ப ஈப்போவுல டாக்டரா இருக்கான்... இந்தப் புள்ள டீச்சராகி ரிட்டையரே ஆயிருச்சு... இவன் பாவம், சின்ன வயசுலேயே போயிட்டான்."

"பெரியம்மா, கடைசியில இந்த 0.60 என்ன?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதான்யா கணக்கு. தோட்டத்துலேருந்து வர்ற புள்ளைங்களுக்குப் பஸ் காசு. உங்க பெரியப்பா கொடுப்பாரு. வாங்க மாட்டேன்னு சொல்ற புள்ளைங்ககிட்ட, 'இது கடன், கம்ப்யூட்டர்ல எழுதிட்டேன், வேலைக்குப் போனதும் திருப்பிக் கொடு'ன்னு சொல்லுவாரு. அப்பதான் வாங்கும்ங்க."

"யாராவது திருப்பிக் கொடுத்தாங்களா?"

"அவரு யார்கிட்டயும் கேட்டதில்லையே."

பிறகு அவரே கேட்டார். "86 எங்கய்யா? அவுங்கதானே முதல் வகுப்பு."

சொன்னேன். கிறீச் சத்தத்தையும், நான்கு முறை முயன்றதையும், எதையும் மறைக்காமல் சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். தேநீரோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அந்த வருஷம் ஒம்பது புள்ளைங்களோ பத்தோதான். அவுங்களுக்குத்தான் முதமுதலா மீகூன் பெரட்டிக் கொடுத்தேன். பேனா எடு, சொல்றேன்."

ஆறு பெயர்கள் வந்தன. ஏழாவது பையனுக்கு முகம் நினைவிருக்கிறது, பெயர் வரவில்லை. அவனுக்கு மிளகாய் ஆகாது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

1986இல் தைப்பிங்கில், ஒரு கணித ஆசிரியர் வீட்டு முன்கூடத்தில், சனிக்கிழமை காலைகளில் கணக்குப் படித்து மீகூன் சாப்பிட்டவர்களில் யாராவது இதைப் படித்தால், இந்த இதழின் ஆசிரியர் பகுதிக்கு ஒரு வரி எழுதுங்கள். பழைய கடனைக் கேட்பதற்காக இல்லை. உங்கள் பெயரை மட்டும் சொல்லுங்கள், பட்டியலில் சேர்த்துக்கொள்கிறேன்.